உலைப் பூச்சும் குடிதண்ணீரும்

மாதத்தில் நாலைந்து பேராவது கைபேசியில் கேட்டுவிடுகிறார்கள். வேலணையில் ஒருவர், நெடுந்தீவில் இரண்டு பேர், சாவகச்சேரிப் பக்கம் யாரோ. எல்லோரும் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, ஓட்டை போட்டு, வீட்டிலேயே காஸ் உலை செய்துவிட்டவர்கள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, உள்ளுக்கு என்ன பூசினனீங்கள்? மலிவா ஒண்டு சொல்லுங்கோ." நான் கலவையை ஒரு வரியில் அனுப்புவேன். இரண்டு கிழமையில், உதிர்ந்துபோன உலையின் படம் ஒன்று திரும்பி வரும். ஒரு வரி போதாது என்று எனக்கே விளங்க இவ்வளவு நாள் எடுத்தது. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில் ஒருவன் "என்னுடைய வேலைக்காலத்தில்" என்று தொடங்கினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் எட்டு வருடம் இரும்பு அடித்தவன் நான். அந்த வேலையிலிருந்து ஓய்ந்து ஒரு வருடமாகிறது. ஓய்ந்தவனுக்குத்தான் எழுத நேரம் கிடைக்கும்.

படித்தது யாழ்ப்பாணத்தில், தொழில்நுட்பக் கல்லூரியில். என்னோடு டிப்ளோமா எடுத்தவர்கள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போனார்கள். நான் கத்தி அடிக்கும் காணொளிகளைப் பார்த்துப் பைத்தியம் பிடித்து, எங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போனேன். அங்கே மெற்றில்டா அக்காவின் பட்டறை இருந்தது. தகப்பனுக்குப் பிறகு அவரே நடத்தினார். நங்கூரம், சுக்கான் பூட்டு, பாளை சீவும் கத்தி, அலவாங்கு என்று தீவுப்பகுதிக்கு வேண்டிய இரும்பு வேலை எல்லாம் அங்கே நடந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னுடைய சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அது கசங்காமல் இருக்க ஒரு கொப்பிக்குள் வைத்துத் திருப்பித் தந்தார். அடுத்து ஒரு குறட்டைத் தந்தார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அவர் ஒருநாளும் ஏசியதில்லை. பிழையாய்ப்போன வேலையை யன்னல் கட்டின்மேல் வைத்துவிடுவார். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, "உது ஆற்ரை வேலை?" என்று கேட்பார்கள். "கேட்டுப் பாருங்கோ" என்பார். பிறகு அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். முதல் வருடம் அந்த யன்னல் கட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் இருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. புதிய மண் எதுவானாலும் உலைக்குள் போகுமுன் அதில் ஒரு 'ரொட்டி' சுடவேண்டும். உள்ளங்கை அளவில் தட்டி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, வெள்ளைச் சூடு வரும்வரை மூன்று தரம் சுட்டு ஆறவிடவேண்டும். அதன்பிறகு ஒரு இரவும் பகலும் கடற்காற்றுப் படும்படி மதிலில் கிடக்கவேண்டும். கடைசியாக ஆணியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் சரி. மொத்தென்றால் கடலுக்குள் வீசிவிடுவார். ரொட்டி தட்டுவது மட்டும் பட்டறையில் இல்லை. குசினி மேசையில், மாக்குழைக்கும் தட்டில், தன் கையால் செய்வார். அளவு பிசகக்கூடாது என்பது அவருடைய நியாயம்.

நான் போனபோது உலை சிரட்டைக் கரியில் எரிந்தது. அக்காவுக்கு முட்டு, அதாவது இழுப்பு வருத்தம் இருந்தது. புகை கூடிய நாட்களில் இரண்டு அடி அடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சு திரும்பியதும் மூன்றாவது அடி விழும். கரியை விடாவிட்டால் தொழிலை விடவேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. ஆகவே எட்டாம் வருடம் நான் காஸ் உலை செய்தேன். அக்கா தன் பட்டறையிலேயே நின்று வேலை செய்யவேண்டும். உலை செய்ததற்குக் காரணம் அது ஒன்றுதான்.

காஸ் உலைக்குள் வெள்ளைச் செரமிக் பஞ்சை வளைத்துப் பதிப்பார்கள். பாரமில்லாதது, சூட்டை அப்படியே பிடித்து வைக்கும். ஆனால் சூடுபட்டுப் பட்டு நொறுங்கத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியாத மயிர்களாகப் பறக்கும். சுவாலை அதை ஊதி வெளியே தள்ளும். நெஞ்சுக்குள் போனால் கரிப்புகையைவிடப் பொல்லாதது. அதனால்தான் மேலே பூச்சு வேண்டும். அழகுக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் படிக்கவும். கொழும்பில் இறக்குமதிப் பூச்சு இருந்தது. ஒரு சின்ன டப்பாவின் விலையைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

முதலில் நான் செய்த வேலை, தீவார் எல்லோரும் செய்யக்கூடிய வேலை. எங்கள் பக்கத்தில் எதைப் பூசுவதென்றாலும் முருகைக்கல் என்கிற பவளக்கல் சுட்ட சுண்ணாம்புதான். வீடு, கிணறு, கோயில் மதில் எல்லாம் அதுதான். உலைக்கும் அதையே பூசினேன். அக்கா ரொட்டி சுடச் சொன்னார். சுண்ணாம்புக்கு என்ன ரொட்டி என்று நான் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது பால்போல வெள்ளையாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி, மாவாகி, உலையின் அடியில் குவிந்து கிடந்தது. அக்கா ஒரு பிடி அள்ளி, கடதாசியில் சுற்றி, யன்னல் கட்டில் வைத்தார்.

அதன்பிறகு ஒழுங்காகத் தேடினேன். பேக்கரிக்காரர் பழைய போறணை அடுப்பைப் பிரித்தபோது எறிந்த நெருப்புக் கற்களை வாங்கி இடித்து, சீலையில் அரித்தேன். கயோலின் என்கிற வெள்ளைக் களி யாழ்ப்பாணத்தில் கிடைத்தது. வார்ப்பு வேலை செய்யும் ஒருவரிடம் சிர்க்கோன் மா கொஞ்சம் வாங்கினேன். அது கடல் மணலிலிருந்து எடுக்கும் கனிமம். எந்தச் சூட்டுக்கும் அசையாது. பஞ்சின்மேல் முதலில் கல்மாவும் களியும், அதற்குமேல் மெல்லியதாகச் சிர்க்கோனும் களியும். அக்கா குசினியில் ரொட்டி தட்டினார். மூன்று தரம் சுட்டோம். மதிலில் வைத்தோம். ஆணியால் தட்டினால் கோயில் மணிபோலச் சத்தம். நான் அன்றே பட்டறைக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, வாளியில் கலவையைக் குழைத்து, உலை முழுவதும் பூசினேன்.

அந்த உலையில்தான் நெடுந்தீவு யோசேப்பண்ணையின் வேலை தொடங்கியது. அவர் தன்னுடைய ஊர் வள்ளக்காரர் எல்லோருக்குமாகப் பன்னிரண்டு நங்கூரம் சொல்லியிருந்தார். இரண்டாம் கிழமையே ஒரு விசித்திரம். காலையில் போய்ப் பார்த்தால் உலையின் உட்பக்கம் வியர்த்திருக்கும். நெற்றி வியர்ப்பதுபோலச் சின்னச் சின்னத் துளி. மூட்டினால் பட்பட்டென்று வெடித்துச் செதில் செதிலாகக் கழரும். கழராத இடம் கண்ணாடிபோலப் பளபளத்து, குறட்டில் ஒட்டி இழுபட்டது. கடற்காற்றுக்குத்தான் இப்படி என்று இருவரும் முடிவு செய்தோம். கடற்கரையில் எது பழுதானாலும் பழியைக் காற்றில் போடுவது எங்களுக்கு லேசு.

மூன்றாம் கிழமை கழர்ந்த இடங்களில் பஞ்சு தெரிந்தது. அக்காவின் இருமல் மாறியிருந்தது. பழைய இருமல் ஈரமானது. இது வறண்டது. உலையை நிறுத்துவோம் என்று நான் ஒருதரம் சொன்னேன். ஒரேயொரு தரம்தான் சொன்னேன். "மூண்டுதானே கிடக்கு, முடிப்பம்" என்றார். எனக்கும் முடிக்கத்தான் விருப்பம். பத்தாவது நங்கூரத்தின் கொழுக்கியை வளைத்துக்கொண்டிருந்தபோது சுத்தியலைக் கீழே வைத்தார். போடவில்லை, வைத்தார். பிறகு நிலத்தில் இருந்துவிட்டார். உதடு நீலமாகியிருந்தது. ஓட்டோவில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனார்கள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். இனிப் பட்டறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. வீட்டு விறாந்தைக்கும் பட்டறை வாசலுக்கும் இடையில் பதினைந்து அடி இருக்கும். அக்கா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். யோசேப்பண்ணை வந்து ஒன்பது நங்கூரத்தை ஏற்றினார். மிச்சம் மூன்றுக்கும் அவசரமில்லை என்றார். கடல் எங்கேயும் ஓடிப்போகாது, மெற்றில்டா எழும்பட்டும் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த நெடுந்தீவுப் பால் போத்தலை விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஐந்து மாதம் நான் பட்டறையை நடத்தினேன். முகமூடி போட்டுக்கொண்டு பழைய பூச்சைக் கழற்றி, புதிய பஞ்சு வைத்து, மறுபடி பூசினேன். வியர்த்தது, வெடித்தது. களியைக் கூட்டினேன், குறைத்தேன். மெல்லியதாகப் பூசினேன். பத்து நாள் காயவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அக்கா குசினியில் ரொட்டி தட்டித் தருவார். ஒவ்வொரு ரொட்டியும் மணிபோலச் சத்தம் போடும். அதே கலவை உலைக்குள் போனதும் உதிரும். நான்கு ரொட்டிகள் மதிலில் வரிசையாக இருந்துகொண்டு என்னைக் கேலி செய்தன. அக்கா கதிரையில் இருந்தபடி என் அடியைக் கேட்டுக்கொண்டிருப்பார். இரும்பு ஆறின பிறகு நான் அடித்தால் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். "ஆறிப்போச்சுது, திருப்பி வையும்" என்று குரல் வரும். அவ்வளவு தெளிவாகக் கேட்ட காதோடு அவர் அந்தப் பதினைந்து அடியைத் தாண்ட முடியாமல் இருந்தார்.

ஒரு பின்னேரம் நான் மறுபடியும் உலையைச் சுரண்டி, செதில்களை ஒரு பேசினில் போட்டு, புதைப்பதற்காக மதிலோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

"தம்பி, உந்த மாட்டைப் பாரும்" என்று அக்கா கூப்பிட்டார்.

கட்டாக்காலி மாடு ஒன்று பேசினுக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. பஞ்சுத் தூள் அதன் வயிற்றுக்குள் போய்விடும் என்று ஓடிப்போய்க் கலைத்தேன். போய் மறுபடி வந்தது. மதிலின் மேல், மாட்டின் மூக்குக்கு நேரே ரொட்டிகள் இருந்தன. அவற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரொட்டியும் அதே மண்தானே" என்றார் அக்கா. "அதை ஏன் நக்கேல்லை?"

நான் ஒரு செதிலின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். துப்பினேன். ரொட்டியில் தொட்டேன். வெறும் மண். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்போ என்று கேட்டார். ஓம் என்றேன்.

"ரொட்டிக்கு நான் குசினிக் கானிலை இருந்துதான் தண்ணி விட்டனான். நீர்?"

"கிணறு."

நான் செதிலைப் பேசினுக்குள் போட்டேன். பிறகு அவரே சொன்னார்: "ஆர்தான் சேத்துக்குக் குடிதண்ணி ஊத்தினவை?"

இதைத் தீவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் கிணறுகள் பெரும்பாலும் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும், பிளாஸ்டிக் கானில் எடுத்து வைப்போம். அது குடிக்கவும் சமைக்கவும்தான். அதில் முகம் கழுவக்கூடக் கை நீளாது. மண் குழைக்க அதை ஊற்றுகிற எண்ணம் எங்கள் மூளையில் எழும்பவே மாட்டாது. குசினியில் நின்றபடியால் அக்காவின் கை தானாகக் கானுக்குப் போனது. பட்டறையில் நின்றபடியால் என் கை தானாகக் கிணற்றுக்குப் போனது. போறணைக் கல்மாவைக்கூட நான் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவியிருந்தேன்.

உவர் உப்பு இரவெல்லாம் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துப் பூச்சுக்குள் வைத்துக்கொள்ளும். காலையில் மூட்டினால் அது ஆவியாகிப் பூச்சை உடைத்துக்கொண்டு வரும். தப்பியிருக்கும் உப்பு, சூடு ஏற ஏறக் களியைத் தின்று கண்ணாடியாக்கும். பெருஞ்சூட்டில் உப்பு களிமண்ணை என்ன செய்யும் என்று கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினவன் நான்.

காரணம் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே வேலையைத் தொடங்கியிருக்கலாம். நான் தொடங்கவில்லை. பஞ்சு வரவேண்டும் என்றேன், வெயில் சரியில்லை என்றேன். உண்மை வேறு. அந்த ஐந்து மாதத்தில் வருகிறவர்கள் நேராக என்னிடம் வரப் பழகியிருந்தார்கள். ஒருவர் முதலாளி என்றுகூடக் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. யன்னல் கட்டு வெறுமையாக இருந்தது, ஏனென்றால் பிழையாய்ப்போன வேலையை நான் மேசைக்குக் கீழே தள்ளிவிடுவேன். உலை சரிவந்தால் அக்கா உள்ளே வருவார். பட்டறையில் இருந்தது ஒரு உலை, ஒரு பட்டடைக்கல், ஒருவருக்கான வேலை. எட்டு நாள் இப்படிக் கடத்தினேன்.

ஒன்பதாம் நாள் காலையில் பட்டறை வாசலில் இரண்டு கான் தண்ணீர் இருந்தது. மூடி இறுக்கி, தூசி படாமல் சீலையால் மூடியிருந்தது. பவுசர் வந்து மூன்று நாளாகிவிட்டது. அடுத்தது எப்போது என்று தெரியாது. அக்கா விறாந்தையில் இருந்து, போதுமோ என்று கேட்டார். அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. போதும் என்றேன். அன்றைக்கு அவர் வீட்டில் தேத்தண்ணி வைக்கவில்லை.

செய்த முறையை அப்படியே சொல்கிறேன். பழைய பஞ்சை நன்றாக நனைத்து, முகமூடியோடு, தூசி எழும்பாமல் கழற்றிப் பையில் கட்டிப் புதைத்தேன். உலையின் இரும்புக் குழாயைத் துடைத்ததும் நல்ல தண்ணீரில். வாளி, தூரிகை, என் கை எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவின பிறகே களியைத் தொட்டேன். புதுப் பஞ்சு இரண்டு சுற்று. முதலில் களியைப் பால்போலக் கரைத்துத் தெளித்துக் காயவிட, பஞ்சு மட்டைபோல விறைத்தது. புதிதாக இடித்த கல்மா இரண்டு பங்கு, களி ஒரு பங்கு, கட்டித்தயிர்ப் பதத்தில் அரை விரல் தடிப்பு. வாளியை விறாந்தைக்குக் கொண்டுபோனேன். அக்கா விரலை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் களி என்றார். போட்டேன். பூசிய பிறகு ஈரச்சாக்கால் மூடி ஐந்து நாள். சாக்கு நனைத்ததும் அதே தண்ணீரில்தான். ஆறாம் நாள் பத்து நிமிடம் சின்னச் சுவாலை, ஆறவிட்டு மறுபடி பத்து நிமிடம். கடைசியாகச் சிர்க்கோன் ஏழு பங்கு, களி மூன்று பங்கு, வர்ணம்போலக் கரைத்து இரண்டு கை. பிறகு சிவப்பு, பிறகு வெள்ளைச் சூடு.

அடுத்த நாள் காலையில் கையை உள்ளே விட்டுத் தடவினேன். வியர்வை இல்லை.

அக்கா நம்பவில்லை. பழைய குடையிலிருந்து கறுப்புச் சீலையைக் கழற்றித் தந்து, உலை வாய்க்கு எதிரே கூரை வளையில் கட்டித் தொங்கவிடச் சொன்னார். ஒரு கிழமை உலை எரியவேண்டும், சீலையைத் தொடக்கூடாது. முந்தைய பூச்சோடு ஒருதரம் இப்படிப் பார்த்தபோது, டோர்ச் லைட்டைச் சரித்துப் பிடித்தால் சீலை முழுக்க வெள்ளை மயிர் மினுங்கியது. இந்தத் தரம் ஏழாம் நாள் அவிழ்த்துக் கொண்டுபோனேன். அக்கா மடியில் விரித்து, மூலை மூலையாக டோர்ச் அடித்தார். இரும்புத் துகள் இருந்தது. மயிர் இல்லை. "இதை நான் சட்டையாத் தைச்சுப் போடலாம்" என்றார்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாததைச் சீலை காட்டாது. அதையும் எழுதவேண்டும். அக்கா டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டருக்கு முழு விருப்பமில்லை. வடிகட்டி வைத்த முகமூடி, இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கவேண்டும், பூச்சில் ஒரு வெடிப்புக் கண்டால் அன்றே நிறுத்தவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டவேண்டும். இவ்வளவுக்கும் ஒத்துக்கொண்டால் அரைநாள் வேலை என்றார். எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கலவையை மட்டும் எடுத்துக்கொண்டு முகமூடியை விட்டுவிடாதீர்கள். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் வாளியில் ஊற்றாதீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா பதினைந்து அடியை நடந்து வந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. உலைக்குள் குனிந்து பார்த்தார். காலையில் நான் மூட்டியிருந்தேன், யோசேப்பண்ணையின் பத்தாவது நங்கூரத்துக்கான இரும்பு சிவந்துகொண்டிருந்தது. அவர் குறட்டை எடுத்து இரும்பைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் வழக்கம்போலப் பட்டடைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"தள்ளும்" என்றார். "நான் நிக்கிற இடம் அது."

தள்ளி நின்றேன். அவர் மூன்று அடி அடித்தார், நான்காவது அடித்தார், ஐந்தாவதும் அடித்தார். சுவரைப் பிடிக்கவில்லை. நான் எட்டு வருடம் பிடித்த சுத்தியலைக் கடைசித் தரமாக ஆணியில் கொளுவிவிட்டு, வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.